ஆசுபத்திரிப் பள்ளிக்கூடத்தின் ஆறாம் நாள்

மகனுக்கு,

மழை எப்படி, என் முட்டுவலி எப்படி என்பதையெல்லாம் உன் அம்மா தினமும் ஃபோனில் உனக்குச் சொல்லிவிடுகிறாள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீ எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பிய பலகையின் மாதிரியை நான்கு முறை பார்த்தேன். முதல் முறை கண்ணாடி போடாமல் பார்த்தேன், அழகாக இருந்தது. கண்ணாடி போட்டுப் பார்த்த மற்ற மூன்று முறையும் எரிச்சல்தான் வந்தது. "அப்பா, ஒண்ணு நோக்கிட்டு ஓகே சொல்லு, கேட்டோ" என்று அதன் கீழே எழுதியிருந்தாய். ஓகே சொல்ல முடியாது. ஏன் என்று ஃபோனில் சொல்லத் தொடங்கினால் பாதியிலேயே "சாரமில்ல அப்பா" என்று வைத்துவிடுகிறாய். மலையாளத்தில் அதற்குப் பரவாயில்லை என்று பொருள், எனக்கும் தெரியும். ஆனால் முப்பது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் காதில் அது 'சத்து இல்லை' என்றுதான் விழுகிறது. நீ தமிழை எழுத்துக் கூட்டி வாசிக்கிறவன். இந்தக் கடிதத்தை முடிக்க உனக்கு இரண்டு நாள் பிடிக்கும். பலகை அச்சுக்குப் போக நான்கு நாள் இருக்கிறது என்று சொன்னாய். நேரம் தாராளமாக இருக்கிறது. இதன் ஒரு பிரதியை ஊர் வாசகசாலை மேஜையிலும் வைக்கப் போகிறேன். ஊர் விஷயம், ஊரும் வாசிக்கட்டும்.

பூட்டிக் கிடந்த அந்தப் பழைய பள்ளிக் கட்டடத்தைப் பொன்முடிக்குப் போகிறவர்கள் காரை நிறுத்தி டீ குடிக்கும் இடமாக உன் கம்பெனி மாற்றுவதில் எனக்கு வருத்தம் இல்லை. மரநாயும் பாம்பும் குடியிருந்த இடத்தில் மனிதர் உட்கார்ந்து டீ குடித்தால் நல்லதுதான். அதற்கு 'ஓல்ட் வார்டு கஃபே' என்று நீங்கள் வைத்த பெயரைக் கேட்டு உன் அம்மா, "வார்டுல போயி யாராச்சும் சாயா குடிப்பாங்களா?" என்றாள். அதையும் விட்டுவிடுகிறேன். என் தகராறு வாசலில் நிற்கப் போகும் அந்த வரலாற்றுப் பலகையோடு மட்டும்தான். அதை எழுதியவன் நீ. நம் ஊரில் வளர்ந்தவன். அந்தப் பள்ளியின் கடைசித் தலைமை ஆசிரியருடைய மகன். வேறு யாராவது எழுதியிருந்தால் இரண்டு திட்டுத் திட்டிவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன்.

முதலில் அந்தப் புகைப்படம். பழுப்பு நிறத்தில் ஒரு நீண்ட கட்டடம், வாசலில் நான்கு நர்ஸுகள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கட்டடத்துக்குப் பின்னால் கடல் தெரிகிறதே, அதைக் கவனித்தாயா? நம் ஊரிலிருந்து கடலைப் பார்க்க வேண்டும் என்றால் நெடுமங்காடு போய் பஸ் மாறி, திருவனந்தபுரம் போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். இதைச் சொன்னபோதுதான் நீ முதல் சாரமில்லவைச் சொன்னாய். "ஒரு ஃபீலுக்கு வெச்சது அப்பா." அடுத்தது 'வெள்ளையர் கால மாளிகை' என்ற சொல். ஓடு வேய்ந்த ஒற்றை வார்டு, பன்னிரண்டு இரும்புக் கட்டில், ஒரு மருந்து ஜன்னல், ஒரு பிரசவ அறை. மழை பெய்தால் நோயாளியைக் கட்டிலோடு நகர்த்த வேண்டும். அதுவா மாளிகை? தெரியாததைச் சுருக்கமாக எழுதினால் மன்னிக்கலாம், அழகாக எழுதக் கூடாது மக்கா. அழகாக எழுதினால் நான்கு பேர் நம்பிவிடுகிறார்கள்.

நடந்தது இதுதான், எழுதிக்கொள். மேலே தேயிலைத் தோட்டம் வைத்திருந்த கம்பெனி தன் கூலியாட்களுக்காகக் கட்டிய ஆசுபத்திரி அது. தோட்டத்தில் கட்டாமல் கீழே நம் ஊரில் கட்டியதற்குக் காரணம், வண்டி வரும் ரோடு அதுவரைதான் இருந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கங்காணி கூட்டிவந்த நம் ஜனங்கள், காய்ச்சல் கண்டவர்களைக் கம்பளியில் தூளி கட்டி மலையிலிருந்து சுமந்து இறக்குவார்கள். டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள் வருவார், மற்ற நாளெல்லாம் கம்பவுண்டர்தான் டாக்டர். மருந்துக்குப் பாட்டில் நாம்தான் கொண்டுபோக வேண்டும். பாட்டில் இல்லாமல் போனால் நோயைக் கேட்பதற்கு முன்னால் வசவு கேட்கும். அந்தப் பிரசவ அறையில்தான் நான் பிறந்தேன். அப்புறம் மெயின் ரோட்டில் சர்க்கார் ஆசுபத்திரி வந்ததும் இது காலியானது. நம் ஆட்கள் மனு மேல் மனுவாகக் கொடுத்து, அதில் தமிழ் வழியில் ஒரு தொடக்கப் பள்ளி வந்தது. கட்டிலை எடுத்தார்கள், பெஞ்சைப் போட்டார்கள். மருந்து ஜன்னல் வழியாக மதியம் கஞ்சியும் பயறும் கொடுத்தார்கள். ஒவ்வொரு கட்டிலுக்கும் மேலே சுவரில் எழுதியிருந்த எண்ணை மட்டும் யாரும் அழிக்கவில்லை. பிள்ளைகள் நாங்கள் அந்த எண்களின் கீழேதான் உட்கார்ந்தோம். நான் ஏழாம் கட்டில். பல வருஷம் கழித்து அங்கேயே தலைமை ஆசிரியராக நான் உட்கார்ந்த அறை, பழைய பிரசவ அறை. இதைக் கேட்டதும் பலகையில் சேர்க்கலாம் என்று உனக்குத் தோன்றும். சேர்க்காதே.

சேர்க்க வேண்டியது வேறு ஒன்று, அதை நீ அடித்துவிட்டாய். பள்ளியாக மாறிய பிறகும் ஊரில் யாரும் அதைப் பள்ளிக்கூடம் என்று சொன்னதே இல்லை. ஆசுபத்திரிதான். "புள்ள ஆசுபத்திரிக்குப் போயாச்சா?" "ஆசுபத்திரி விட்டாச்சா?" கடைசிவரை இப்படியே. என்னை முதல் வகுப்பில் சேர்த்த அன்று, எழுதத் தெரியாத என் அப்பா, மளிகைக் கடைக்காரரிடம் சொல்லிக் கடையநல்லூரில் இருந்த பெரியப்பாவுக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டார். 'பையனை ஆசுபத்திரியில் சேர்த்தாச்சு. கவலைப்பட ஒன்றும் இல்லை. நாலு வருஷம் ஆகும் என்கிறார்கள்.' மூன்றாம் நாள் பெரியப்பா ஒரு பை சாத்துக்குடியும் கோயில் விபூதியுமாக வந்து இறங்கினார். நேராக வார்டுக்குள் நுழைந்து, ஏழாம் கட்டில் எண்ணின் கீழே வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "காய்ச்சல் இல்லியே சார், நாலு வருசம் கெடக்கணும்னா இது என்ன சீக்கு?" என்று வாத்தியாரிடம் கேட்டார். வாத்தியார் மலையாளம் கலந்த தமிழில், "இது எல்லாருக்கும் வர்ற சீக்குதான், சிலருக்கு மாறவே மாறாது" என்றாராம். சாத்துக்குடியை வார்டு முழுக்கப் பங்கு வைத்தார்கள். டூரிஸ்டுகளுக்குக் கன்ஃப்யூஷன் ஆகும் என்று சொல்லி நீ எடுத்தது இந்தக் கதையைத்தான். ஆகட்டுமே. கடலையே கொண்டுவந்து வைத்திருக்கிறாய், அதில் ஆகாத குழப்பமா?

இதெல்லாம் கிடக்கட்டும். இவ்வளவு நீளமாக எழுத வைத்தது பலகையின் கடைசி வரி. 'குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்ததால் பள்ளி மூடப்பட்டது. பொய்யான வருகைக் கணக்குக் காட்ட மறுத்த அதன் கடைசித் தலைமை ஆசிரியரின் நேர்மையை ஊர் இன்றும் நினைவுகூர்கிறது.' எந்த ஊர் நினைவுகூர்கிறது? காலையில் பால் வாங்கப் போனால் பால்காரன் சில்லறை கேட்பதோடு சரி. இந்தக் கதையை உனக்குச் சொன்னது நான். ஒரு முறை அல்ல, உன் கல்யாணத்துக்கு வந்த சம்பந்தக்காரர்கள்வரை எல்லோருக்கும் சொன்னேன். நான் பணி ஓய்வு பெற்ற அன்று மைக்கைப் பிடித்தும் சொன்னேன். பொன்னாடை போர்த்தினார்கள். நீ அப்பா மேல் உள்ள பிரியத்தில் அதைக் கல்வெட்டு மாதிரிப் பலகையில் ஏற்றிவிட்டாய். உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனாலும் சொல்கிறேன். ஒருவரை ஏசுவதற்கு முன் எவ்வளவு விசாரிப்பாயோ, புகழ்வதற்கு முன் அதைவிட இரண்டு மடங்கு விசாரி. அவர் உன் அப்பாவாக இருந்தால் மூன்று மடங்கு.

ஜூனில் பள்ளி திறந்து ஆறாவது வேலை நாளில் தலை எண்ணுவார்கள். ஆறாம் பிரவர்த்தி தினம் என்று அதற்குப் பெயர். அன்று பெஞ்சில் எத்தனை தலையோ, அதை வைத்துத்தான் அந்த வருஷம் எத்தனை வகுப்பு, எத்தனை வாத்தியார் என்பது முடிவாகும். தலை குறைந்தால் ஒரு டிவிஷன், அதாவது ஒரு வகுப்புப் பிரிவு, போகும், அதோடு கடைசியாக வேலைக்குச் சேர்ந்த வாத்தியாரும் போக வேண்டும். அதனால் ஒவ்வொரு மே மாதமும் நாங்கள் பிள்ளை தேடிப் புறப்படுவோம். உனக்கு ஐந்து வயது முடிந்த வருஷம், நானும் ஸ்டெல்லா டீச்சரும் தோட்டத்துக் கூலியாட்களின் லயங்களில் வீடு வீடாக ஏறி இறங்கினோம். டீச்சர் களியக்காவிளைக்காரர், வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்தான், கைக்குழந்தைக்காரி. கல்லாறில் பரோட்டா போடும் ஒரு மாஸ்டரின் வீட்டு வாசலில் நின்று, தாய்மொழியில் படித்தால் பிள்ளைக்கு அறிவு எப்படித் துலங்கும் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். மாஸ்டரின் மனைவி பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "சாரோட பையன் எங்க சார் படிக்கான்?" என்றாள். அவன் டவுனில் சித்தி வீட்டில் இருந்து படிக்கப் போகிறான் என்று ஏதோ சொன்னேன். "இங்கிலீசு ஸ்கூல் வேன் ஒங்க வாசல்லதான சார் வந்து பேசிட்டுப் போச்சு. எம்புள்ளையும் அதுலயே போகட்டும்" என்றாள். ஊருக்கு உபதேசம் செய்யப் போனவன், செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தேன். டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டே பின்னால் வந்தார்.

ஆறாம் நாள் காலை ஒரு பிள்ளை குறைந்தது. ஒரே ஒரு பிள்ளை. அதிகாரி பதினொரு மணிக்கு வருவார். ஸ்டெல்லா டீச்சர் என் அறைக்கு வந்து, "சார், ஒண்ணு சொன்னா கோவிக்காதீங்க. ஒங்களுக்க மோனை இங்க கொண்டுவந்து இருத்துங்க சார்" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. நான் எழுந்து நின்று, கஞ்சி வைக்கும் அக்காவுக்கும் கேட்கும்படி, "டீச்சர், ஒரு நாளைக்குப் பிள்ளையைக் கடன் வாங்கி உட்காரவைத்துக் கணக்குக் காட்ட நான் ஆள் இல்லை" என்றேன். சில பள்ளிகளில் அப்படி நடந்தது உண்டு, எல்லோருக்கும் தெரியும். அதனால் கேட்டவர்களுக்கெல்லாம் நான் சொன்னது சரியாகவே பட்டது. எனக்கும் அப்படியே பட்டது. ஆனால் 'ஒரு நாளைக்கு' என்ற சொல்லை டீச்சர் சொல்லவே இல்லை. அதை நான் சேர்த்துக்கொண்டேன். அந்த ஒரு சொல்லைச் சேர்த்ததால் அவர் கேட்டது தப்பாகவும் நான் மறுத்தது நேர்மையாகவும் ஆகிவிட்டது. உன் ஆங்கிலப் பள்ளி திறந்தும் ஆறு நாள்தான் ஆகியிருந்தது. ஒரு மாற்றுச் சான்றிதழ் வாங்கி வந்து உன்னை முறையாகச் சேர்த்திருந்தால் அதில் பொய் எங்கே இருக்கிறது? நீயே தினமும் காலையில் வேனில் ஏற மாட்டேன், அப்பா சைக்கிளில் ஆசுபத்திரிக்குத்தான் வருவேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுவாய். உன் விரலை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்து எடுத்தேன்.

அதிகாரி வந்து கட்டில் எண்களின் கீழே இரண்டு முறை எண்ணினார். குறைந்தது குறைந்ததுதான். டிவிஷன் போனது. ஸ்டெல்லா டீச்சரை இடுக்கி மலைக்கு அந்தப் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளிக்கு மாற்றினார்கள். ஆறு மாதக் குழந்தையைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு, ஒரு தகரப் பெட்டியோடு அவர் பஸ் ஏறினார். வழியனுப்ப நான் போனேன். பிள்ளைகளின் எண்ணிக்கை ஒரு வருஷம் இறங்கினால் அப்புறம் ஏறுவதே இல்லை. சாரே தன் பிள்ளையைச் சேர்க்கவில்லை, நமக்கென்ன என்று லயத்து வீடுகள் ஒவ்வொன்றாக வேனுக்குப் போயின. நான் ஓய்வு பெற்ற வருஷம் பள்ளியையும் மூடினார்கள். பிள்ளைகள் குறைந்ததால் மூடப்பட்டது என்று நீ எழுதியிருக்கிறாய். பிள்ளைகள் தாமாகக் குறையவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் நான், அந்தச் சோற்றை இலை போட்டு ஊருக்குப் பரிமாறுகிறவன் நீ.

உன்னை நான் கெடுத்துவிட்டேன் என்று சொல்ல வரவில்லை. அதைச் சொல்ல முடிந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். நீ நன்றாகப் படித்தாய், நகரத்தில் மரியாதையான வேலையில் இருக்கிறாய், கூப்பிட்டால் வருகிறாய். இன்னொரு முறை அந்த ஆறாம் நாள் வந்தாலும் உன்னை அந்த வேனில்தான் ஏற்றுவேன் என்று தோன்றுகிறது. தமிழ்ப் புத்தகம் ஓணப் பரீட்சை முடிந்த பிறகு வந்து சேரும் பள்ளியில் உன்னை உட்காரவைக்க எனக்குத் தைரியம் இல்லை. என் பயம் பயமாகவே இருந்திருக்கலாம். அதற்கு நேர்மை என்று சட்டை போட்டு இருபத்தைந்து வருஷம் ஊர்வலம் விட்டதுதான் வெட்கமாக இருக்கிறது. உனக்கும் பிள்ளை பிறக்கும். பயத்தால் ஏதாவது செய்தால் பயத்தால் செய்தேன் என்று சொல்லிவிடு. கொள்கை என்று மட்டும் சொல்லாதே.

திறப்பு விழாவுக்குப் பழைய ஆசிரியர்களையும் கூப்பிட்டிருக்கிறீர்கள் என்று அழைப்பிதழில் பார்த்தேன். ஸ்டெல்லா டீச்சர் வந்து அந்தப் பலகையின் முன்னால் நின்று என் நேர்மையை வாசிப்பதை நினைத்துப் பார்த்தேன். நேற்றுக் காலை அவருக்கு ஃபோன் செய்தேன். ஓய்வு பெற்றுக் களியக்காவிளையில் இருக்கிறார். சுற்றி வளைக்காமல் கேட்டேன். "டீச்சர், அன்னைக்கு நீங்க ஒரு நாளைக்குன்னு சொல்லல, இல்லியா?"

"இல்ல சார்" என்றார். பிறகு, "சார் அந்தக் கதைய மைக்கில சொன்னப்போ நான் பின் வரிசையில இருந்தேன். நானும் கை தட்டினேன்" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஏன் அன்றே கேட்கவில்லை, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று கோபமாகவே கேட்டேன். கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை என்பது வேறு விஷயம். அவர் சிரித்தார்.

"என்னத்தச் சொல்லிக் கேக்க சார்? எனக்க மொவள எங்க சேத்தேன்னு சார் இதுவரைக்கும் கேக்கவே இல்லியே. நான் அங்க மலையில தமிழ்ப் பள்ளியில இருக்கும்போ அவ இங்க கான்வென்டில படிச்சா. அங்கயும் ஆறாம் நாள் வந்துது சார். அங்கயும் ஒரு பிள்ளை கொறஞ்சுது. எனக்குக் கீழ ஒரு பையன் வாத்தியாரா இருந்தான், அவன் போனான்."

பலகையை மாற்றச் சொல்லி உனக்கு எழுதப் போகிறேன், என் பெயரைப் போட்டு உண்மையை எழுதச் சொல்லப் போகிறேன் என்றேன். "ஒங்க பேர மட்டும் போட்டா எப்படி சார்? எனக்க பேரையும் போடச் சொல்லுங்க மோன்கிட்ட. நான் வந்து வாசிச்சுப் பாப்பேன்" என்றார்.

ஆகவே கடலையும் மாளிகையையும் வைத்துக்கொள்வதானால் வைத்துக்கொள், உன் கம்பெனியோடு மல்லுக்கு நிற்க எனக்கு வயதில்லை. கடைசி வரியை மட்டும் இப்படி மாற்று: 'இங்கே பாடம் நடத்திய ஆசிரியர்கள் தங்கள் பிள்ளைகளை வேறு பள்ளிகளில் சேர்த்தார்கள். ஊரும் அப்படியே செய்தது. பள்ளி மூடப்பட்டது.' அதன் கீழே என் பெயர், அதற்குப் பக்கத்தில் ஸ்டெல்லா டீச்சர் பெயர். மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் போதாது, தமிழிலும் இருக்க வேண்டும். பலகையில் இடம் இல்லை என்று சொல்லாதே. என் நேர்மையை எடுத்துவிட்டால் இடம் கிடைக்கும்.

அப்பா